குறை எங்கே என்று அறிக



ஜவ்வாது மலையில் தலைமையாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்று கணிப்பொறியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் செய்த பிழையொன்றே அதற்குக் காரணம்.

என் பழைய மாணவர் ஒருவரின் மகன் கல்லூரியில் பயில்கிறான். அவனுடைய கணிப்பொறியில் விளையாட்டுகள் திக்கித் திக்கி ஓடின. புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று என்னைக் கேட்டான். "வாங்குவதானால் பெரியதாகவே வாங்கப்பா" என்று, ஒன்றும் அறியாமலே கூறிவிட்டேன். தந்தை புளி விற்ற பணத்தில் வாங்கி வந்தான். ஆட்டம் சூடு பிடிக்கும் வேளையில் கணிப்பொறி அடியோடு அணைந்து போயிற்று. பெட்டியைப் பிரித்துவிட்டபடியால் கடைக்காரர் திரும்பப் பெற மறுத்தார். "ஐயா, நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றான் பிள்ளை. அச்சொல் என்னை உறங்கவிடவில்லை. அதன்பின் நானும் மாணவனாகிக் கற்றவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டின் வேலை படம் வரைவது. சாதாரணத் திரையொன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் உள்ளன. ஆக 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படங்கள் எனில், ஒரு நொடியில் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்கள் ஒரே நேரத்தில் உழைப்பதாலேயே இது கைகூடுகிறது.

ஆனால் கார்டு தனித்து இயங்குவதன்று. விளையாட்டின் போக்கைக் கணித்துக் கொடுப்பது பிராசசர். அது தளர்ந்தால் கார்டு காத்துக் கிடக்கும். குறை எங்கே என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. விளையாட்டின் அமைப்பில், வரையும் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். நொடிக்கான படங்கள் பெருகினால், கார்டே தளர்ந்தது. பெருகாவிடில், பெரும்பாலும் பிராசசரே தளர்ந்தது. பின்னதாயின், புதுக் கார்டு வாங்கிப் பயனில்லை.

அடுத்து, திரையைப் பாருங்கள். நொடிக்கு 60 முறை மட்டுமே மாறும் திரையில், கார்டு 150 படங்களை வரைந்தாலும் கண்ணுக்கு எட்டுவது 60 தான்.

மூன்றாவது, மின்சாரம். எங்கள் பிள்ளை இடறியது இங்கேதான். அவனுடைய பவர் சப்ளை 400 வாட்; புதிய கார்டு மட்டுமே 300 வாட் கேட்பது. பிராசசரும் மற்றவையும் சேர்ந்தபோது சுமை தாங்காமல் அணைந்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியோர் சொன்னது எவ்வளவு பொருத்தம்! கார்டின் நீளம் கணிப்பொறிப் பெட்டிக்குள் அடங்குமா என்றும் முன்னரே அளந்து கொள்ளுங்கள்.

இதே பாடம் எங்கள் மலையிலேயே இருந்தது. நான்தான் காணத் தவறினேன். ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் காவலூர் வானாய்வகம். அங்கே 1972-ஆம் ஆண்டு நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிவதற்குத் துணை நின்றது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் பணியாற்றி வருகிறது. எவ்வாறு? ஆடி பழுதின்றி இருக்க, ஒளியைப் பதியும் கருவிகளை மாற்றினார்கள். படும் ஒளியில் நூற்றில் சில பங்கையே பதிந்த புகைப்படத் தகடுகளின் இடத்தில், பாதிக்கும் மேல் பதியும் மின்னணுக் கருவிகள் வந்தன. ஒளி வீணாகும் இடம் எதுவோ, அதை மட்டும் மாற்றினார்கள்.

நாங்களும் அவ்வாறே செய்தோம். பழைய கார்டைப் பொருத்திச் சோதித்தோம். கார்டே தளர்ந்தது என்று தெளிந்தது. பெரிய கார்டை நட்டத்திற்கு விற்றான். அந்த நட்டத்தை என் ஓய்வூதியத்திலிருந்து ஈடு செய்தேன். அறிவுரை என்னுடையது அல்லவா? பின்னர் 115 வாட் போதுமான சிறிய கார்டொன்றைத் தேர்ந்தோம். இன்று அவன் திரையில் படங்கள் தடையின்றி ஓடுகின்றன.

மாணவர்களே, பணம் செலவிடுமுன் சோதித்துப் பாருங்கள். உங்களை ஒருவர் கேட்கும்போது, அறியாததை அறியேன் என்று சொல்லுங்கள். நாற்பதாண்டு கற்பித்தபின் நான் கற்ற பாடம் இது.