பட்டாளத்துக்காரர் வீட்டுப் பெண்ணுக்கும் தொழில் உண்டு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசியது)



நம்ம வேலூர் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் பார்க்கணும். கம்மவான்பேட்டைக்கு மிலிட்டரி கிராமம் என்றே பெயர். பட்டாளத்துக்காரரைப் பற்றிப் பேச ஊரில் நிறைய பேர் இருக்காங்க. நாங்கள் இன்றைக்கு அவர் வீட்டுக்காரம்மாவைப் பற்றிப் பேசப்போகிறோம். முதலில் எங்கள் குழு செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி. உள்கடன் வாங்கித் தையல் மெஷின் போட்டாள். கடனையும் தவணை தவறாமல் கட்டி முடித்தாள். வீட்டுக்காரருக்கு ஜபல்பூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, பிள்ளையோடு கிளம்பிப் போனாள். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, சேமிப்பைத் திருப்பிக் கொடுத்து, பெயரை நீக்கிவிட்டோம். இரண்டரை வருஷம் கழித்து அவருக்கு எல்லைப் பக்கம் போஸ்டிங். அங்கே குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. தங்கச்சி ஊருக்குத் திரும்பி வந்து, துணி எடுக்கக் கடன் கேட்டாள். "புது உறுப்பினருக்கு ஆறு மாசம் கழிச்சுதாம்மா கடன்" என்றோம். "அக்கா, அங்க போனாலும் நீ யாருன்னு கேக்கறாங்க, இங்க வந்தாலும் நீங்களும் அதையே கேக்கறீங்களே" என்றாள். எங்களால் பதில் பேச முடியவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு ஊரில் இரண்டு வருஷம், மூன்று வருஷம். அப்புறம் பெட்டி கட்ட வேண்டியதுதான். நாலு வாடிக்கை சேர்ந்து கையில் காசு பார்க்கும் நேரத்தில் மாற்றல் வரும். சிப்பாய்க்கு 15 வருஷ சேவை முடிந்தால் பென்ஷன் உண்டு. அவர் ஊர் திரும்பும்போது அவளுக்கு நாற்பதை நெருங்கும். அவள் பெயரில் என்ன இருக்கும்?

தையல் தெரிந்தவர்களுக்கு ஒரு யோசனை. மெஷின் தலையை மட்டும் கழற்றித் துணி சுற்றிக் கொண்டுபோங்க. ஸ்டாண்டும் மேசையும் இங்கேயே இருக்கட்டும், அங்கே பழையது கிடைக்கும். குவார்ட்டர்ஸில் பஞ்சாப், பீகார், கேரளா என்று எல்லா ஊர்ப் பெண்களும் இருப்பாங்க. அந்தத் தங்கச்சி அங்கே சேலைக்கு ஃபால் வைத்து, பீகோ அடித்துத்தான் பழக்கம் பிடித்தாள். பஞ்சாபிப் பெண்ணிடம் சல்வார் வெட்டவும் கற்றுக்கொண்டாள். இந்திதான் படுத்தியிருக்கிறது. ‘கல்’ என்றால் நேற்றும் அதுதானாம், நாளையும் அதுதானாம். அந்த ஒரு வார்த்தையால் ஒரு பிளவுஸுக்குச் சண்டையே வந்ததாம்! எண்களையும் கிழமைகளையும் முதலில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறாள்.

ராணுவ மனைவியர் நலச் சங்கம் 1966-லிருந்து இருக்கிறது, ‘ஆவா’ என்பார்கள். பல இடங்களில் அதன் மூலம் தையல், கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும். போனதும் யூனிட்டில் கேளுங்கள்.

பி.எட். படித்த பெண்கள் நம் குழுக்களிலேயே இருக்காங்க. தமிழ்நாட்டுத் தகுதித் தேர்வு மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தால் வெளி மாநிலத்தில் கஷ்டம். மத்திய அரசின் ‘சிடெட்’ எழுதுங்கள். 2021-லிருந்து அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் முழுக்க மதிப்பு உண்டு. கேந்திரிய வித்யாலயாவில் ஒப்பந்த ஆசிரியர் வேலைக்கும் அது உதவும். ராணுவப் பொதுப் பள்ளிகளுக்கு எனத் தனித் தேர்வு ஒன்று இருக்கிறது, அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் படித்தவர்களுக்கு வேறு மாநிலத்தில் வேலை என்றால் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு கேட்பார்கள். அதற்கான காகிதங்களைக் கிளம்பும் முன்பே நம்ம சென்னைக் கவுன்சிலில் விசாரித்து வாங்கிவிட வேண்டும். ஆயிரம் மைல் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டு தபாலில் கேட்பது பெரும்பாடு.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள் ‘உதயம்’ பதிவு செய்யலாம். 2020 ஜூலையில் வந்தது. ஆதார் வைத்துச் செய்வது, கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஊர் மாறினால் முகவரியை மாற்றிக்கொள்ளலாம், தொழில் அவள் பெயரிலேயே தொடரும்.

இனி நம்ம குழு விஷயம். விதிமுறை நாமே எழுதியதுதான், நாமே மாற்றலாம். பட்டாளத்துக்காரர் மனைவி வெளியூர் போனால் பெயரை நீக்க வேண்டாம். மாதச் சேமிப்பைப் போன் வழியாகக் குழுக் கணக்குக்கு அனுப்பட்டும், வராததற்கு அபராதம் வேண்டாம். ஊரில் இல்லாத காலத்தில் வங்கிக் கடனில் அவள் பெயரைச் சேர்க்காமல் இருப்போம். திரும்பி வந்த அடுத்த கூட்டத்திலேயே கடன் கேட்கும் உரிமை அவளுக்கு வேண்டும்.

"மாசம் தவறாம கூட்டத்துக்கு வர்ற எங்களுக்கும் வராதவளுக்கும் ஒரே பங்கா?" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். குழு வேலைக்கு அலைகிறவருக்கு ஊக்கத்தொகை தனியாகப் போடலாம், லாபத்தைச் சேமிப்பின் அளவுக்குப் பிரிக்கலாம் என்பது எங்கள் எண்ணம். உங்களுக்கு வேறு யோசனை இருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தோடு வாங்க. உங்கள் ஊரிலிருந்து இப்படிப் போன பெண்களின் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கட்டும். எங்கள் குழுவில் அந்தத் தங்கச்சியைப் பழைய உறுப்பினர் எண்ணிலேயே மறுபடியும் சேர்த்துவிட்டோம். தீபாவளித் துணிக்குக் கடனும் கொடுத்தாயிற்று.