திறப்புகளைத் தெருவில் வைத்த வீடு



இன்று சிலர் தம் இல்லத்து மூலையில் ஒரு சிறு கணினியைச் சேவையகமாக அமைத்து, குடும்பப் புகைப்படங்களையும் கணக்குகளையும் அதிலே பேணி வருகின்றனர். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த டொக்கர் என்னும் மென்பொருள் இதனை எளிதாக்கிற்று. ஒவ்வொரு செயலியும் தனக்கு வேண்டியவற்றுடன் தனித்தனிக் கொள்கலனில் இயங்குகின்றது.

ஒருநாள் ஏதோ ஒரு கோப்புத் திறக்க மறுக்கின்றது. பொறுமையிழந்தவர் அனுமதியை மாற்றும் கட்டளைக்கு 777 என்னும் இலக்கத்தைக் கொடுத்து, கோப்புறைகள் அனைத்தின் மீதும் ஏவிவிடுகின்றார். இவ்விலக்கத்தின் பொருள் யாது? லினக்ஸ் முறையில் வாசிக்கும் உரிமை 4, எழுதும் உரிமை 2, இயக்கும் உரிமை 1, கூட்டினால் 7. உடையவர், குழுவினர், ஏனையோர் ஆகிய மூவர்க்கும் ஏழேழாக வழங்குவது, வீட்டுத் திறப்புகளையெல்லாம் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும்.

எல்லாம் திறந்தால் எல்லாம் இயங்கும் என்றெண்ணுதல் தவறு. போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம் தன் தரவுக் கோப்புறை பிறர்க்குத் திறந்திருப்பின் இயங்க மறுக்கும். இதற்கு அஞ்சி, யாவற்றையும் தம் பெயருக்கே மாற்றுபவர் இரண்டாம் தவற்றையும் இழைக்கின்றார். கணினி உடையவரைப் பெயரால் அன்று, இலக்கத்தாலேயே அறியும். கொள்கலத்துச் செயலியின் இலக்கமோ வேறு.

பரிகாரம் என்ன? முதலிற் கொள்கலன்களை நிறுத்துக. தரவை உள்ளவாறே வேறொரு வட்டிற் படியெடுக்க. தரவு கொள்கலத்துக்கு வெளியே உள்ளதென்பதை உறுதிசெய்த பின்னர், பழைய கொள்கலன்களையும் அவற்றின் மூலப் படிமங்களையும் நீக்கிப் புதிதாக இறக்குக. அடுத்து, வெறுங் கோப்புறையொன்றைக் கொடுத்து அச்செயலியை ஒருமுறை இயக்குக. அது உண்டாக்கும் கோப்புகளின் உடையவர் இலக்கத்தையும் அனுமதியையும் பார்த்து, பழைய தரவுக்கும் அவ்வண்ணமே அமைக்க. ஒவ்வொரு செயலியாகச் செய்க. மீண்டும் ஒரே வீச்சில் முயலற்க. கேடு இயங்குதளம் முழுவதும் பரவியிருப்பின், அதனைப் புதிதாக நிறுவுதலே மேல்.

புகைப்படங்களில் ஓர் எழுத்தும் அழியவில்லை; யாருக்கு எவ்வுரிமை என்னும் குறிப்பே அழிந்தது. கட்டளை பழைய நிலையை எங்கும் எழுதிவைப்பதில்லை. ஆதலால், அனுமதிகளின் பட்டியலொன்றையும் காப்புப் படியோடு சேர்த்து வைப்பவர், அடுத்த முறை ஒரு மாலைப் பொழுதுக்குள் மீண்டுவிடுவார்.