பேய்க்கு ஆணியா, தேநீரா?

(கவனம் பெறாத உள்ளூர்ப் படைப்புகளைப் பற்றிய தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2017 செப்டம்பர் மாதம் நினைவிருக்கிறதா? கணினி விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ என்ற இணையக் கடை மலேசியாவில் திடீரென்று முடங்கியது. காரணம், ‘ஃபைட் ஆஃப் காட்ஸ்’ என்ற ஒரு விளையாட்டு. பல சமயங்களின் தெய்வங்களையும் மகான்களையும் களத்தில் இறக்கி, ஒருவரோடு ஒருவர் மோதவிட்ட விளையாட்டு அது. தொடர்பு, பல்லூடக ஆணையம் கெடு விதித்தது, கடை முடங்கியது, அந்த விளையாட்டை மலேசியப் பயனர்களுக்கு நிறுத்தியதும் மறுபடி திறந்தது. வீடியோ கேம் என்றால் என்னவென்றே தெரியாத தாத்தாக்கள்கூட அந்த வாரம் அதைப் பற்றிப் பேசினார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2023இல், அதே ஸ்டீம் கடைக்கு இன்னொரு விளையாட்டு வந்தது. இந்த முறை கோலாலம்பூரிலிருந்து. பெயர் ‘கபாரெட்’. உருவாக்கியது ‘பெர்சோனா தியரி கேம்ஸ்’ என்ற சிறிய உள்ளூர் நிறுவனம். யாரையும் அது சண்டைக்கு இழுக்கவில்லை, யார் மனத்தையும் புண்படுத்தவில்லை. ஆகவே தாத்தாவும் பேசவில்லை, பேரனும் பேசவில்லை. பிரிக்பீல்ட்ஸில் பத்து இளைஞர்களை நிறுத்தி ‘ரெசிடென்ட் ஈவில்’ தெரியுமா என்று கேட்டால், ஒவ்வொரு பாகமாக விளக்குவார்கள். ‘கபாரெட்’ தெரியுமா என்று கேட்டால், “அது எங்கே இருக்கிற கடை?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

அது கடை இல்லை ஐயா, பேய்கள் கூடும் மாளிகை!

கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், நடுவர் மணியைப் பார்க்கிறார். ஜெபாட் என்று ஒரு பையன். சாபத்தால் அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அரக்க உருவம் கொள்கிறது. அப்படியே அவனைக் கடத்திக்கொண்டு போய் ‘அலாம் புனியானில்’ சேர்த்துவிடுகிறார்கள். காட்டுக்குள் போய்க் காணாமல் போனவர்களைப் பற்றிப் பேசும்போது மலாய்க்காரர்கள் “ஓராங் புனியான் கொண்டுபோய்விட்டது” என்று சொல்வார்கள் அல்லவா, கண்ணுக்குத் தெரியாத அந்த மக்களின் உலகம் அது. அங்கேதான் இந்தக் கபாரெட் இருக்கிறது. தென்கிழக்காசிய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து எழுந்து வந்த உருவங்கள் அங்கே வந்து போகின்றன.

ஜெபாட்டின் கையில் துப்பாக்கியும் இல்லை, மந்திரவாளும் இல்லை. தேநீர்ப் பாத்திரம்தான் இருக்கிறது. வருகிற விருந்தாளிக்கு முறைப்படி தேநீர் கலந்து கொடுக்க வேண்டும், எதிரே உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். யாரை நம்புவது, யாருக்கு உதவுவது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்று தீர்மானிப்பது விளையாடுபவர் பொறுப்பு. அதற்கேற்ப கதை திரும்பும். நடுநடுவே சோங்காக் போன்ற நாட்டுப்புற விளையாட்டுகளும் உண்டு. சோங்காக் என்றதும் பாட்டிமார்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். குழியும் சோழியும் வைத்து ஆடும் நம் பல்லாங்குழிக்கு அது உடன்பிறப்பு.

பையனுக்கு ஜெபாட் என்று பெயர் வைத்ததே ஒரு துணிச்சல். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் ஹாங் துவாவையும் ஹாங் ஜெபாட்டையும் தெரியாமல் இருக்காது. நண்பனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காகச் சுல்தானையே எதிர்த்து நின்று, கடைசியில் அதே நண்பன் கையால் செத்தவன் ஜெபாட். அவன் துரோகியா, நியாயவானா என்ற பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை. அரக்கன் யார், மனிதன் யார் என்று கேட்கிற கதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

இப்போது இந்த விளையாட்டு ஏன் முக்கியம் என்பதற்கு வரலாம்.

உலகில் பெரும்பாலான பேய் விளையாட்டுகளில் பேயைக் கண்டால் இரண்டே வழி, சுடு அல்லது ஓடு. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1996இல் ‘ரெசிடென்ட் ஈவில்’ வெளியிட்ட நாளிலிருந்து பலரும் நடந்த பாதை அது. அதில் தவறொன்றும் இல்லை, பயந்து ஓடுவதும் ஒரு சுகம்தான். ஆனால் எதிரே வரும் அந்த உருவம் யார், ஏன் இப்படி ஆனது என்று கேட்க அங்கே நேரம் இருக்காது. கேட்டால் கடித்துவிடும்.

நம் வட்டாரத்துப் பேய்கள் அந்த வகை கிடையாது. பொந்தியானாக் யார்? பிள்ளைப்பேற்றில் இறந்த பெண். அவளை அடக்க மலாய்க் கதைகள் சொல்லும் வழி என்ன? பின்கழுத்தில் ஒரு ஆணி அடித்துவிட வேண்டும். அடித்தால் அவள் அழகான, அடக்கமான மனைவியாக மாறிவிடுவாள். ஆணியைப் பிடுங்கினால் மறுபடி பேய். தாய்மார்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நல்ல மனைவிக்கும் பேய்க்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ஆணி!

தமிழர்கள் சிரிக்க வேண்டாம், பழையனூர் நீலியை நாம் என்ன செய்தோம்? திருவாலங்காட்டுப் பக்கத்துக் கதை. கணவன் கையால் கொலையுண்ட பெண் பேயாகத் திரும்பி வருகிறாள். கையில் ஒரு பிள்ளை. ஊரார் எழுபது பேர், “உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு” என்று அவனுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். நீலி பழி தீர்த்துவிடுகிறாள். சொன்ன சொல்லுக்காக எழுபது வேளாளரும் தீயில் இறங்குகிறார்கள். ஊர் அந்த எழுபது பேரைப் போற்றுகிறது, சரி. நீலிக்குக் கிடைத்தது என்ன? பொய்யாக அழுதால் ‘நீலிக் கண்ணீர்’ என்கிறோம். கொலை செய்யப்பட்டவள் அவள், பொய்க் கண்ணீருக்குப் பெயரும் அவளுடையது. இதுவும் ஒரு ஆணிதானே?

‘கபாரெட்’ அந்த ஆணியை ஒதுக்கி வைத்துவிட்டுத் தேநீர்க் கோப்பையை நீட்டுகிறது. அதிலே பயம் குறைந்துவிடவில்லை, கூடுகிறது. திரையிலே பாய்ந்து வருகிற பேய் ஒரு நொடி தூக்கிப்போடும், அவ்வளவுதான். எதிரே அமர்ந்து தேநீர் குடிக்கிற பேய், இந்த நிலைக்கு யார் தன்னை ஆளாக்கியது என்று நிதானமாகச் சொல்லத் தொடங்கினால் இரவு தூக்கம் வருமா?

இந்த நாட்டுப் பேய்க்கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1957இல், நாடு சுதந்திரம் அடைந்த அதே ஆண்டில், ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் படம் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. கதாநாயகி மரியா மெனாடோ, தயாரிப்பு கேத்தே கெரிஸ். இயக்குநர் யார்? பி. என். ராவ். 1939இல் தமிழில் ‘ரம்பையின் காதல்’ எடுத்த அதே பி. என். ராவ்! தமிழ்ப் படம் எடுத்த கையே மலாய்ப் பேயைத் திரைக்குக் கொண்டுவந்தது. அடுத்தடுத்து இரண்டு படங்களும் வந்தன. மூன்றாவதாக 1958இல் வந்த ‘சும்பா பொந்தியானாக்’ இன்றும் இருக்கிறது. முதல் இரண்டு படங்களின் பிரதிகள் இன்று இல்லை. வைக்க இடமில்லாமல் பழைய ஈயக்குட்டையில் வீசப்பட்டன என்றொரு பேச்சு உண்டு. ஓடிய காலத்தில் கொண்டாடினோம், ஓடி முடிந்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரைப்படத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு சின்ன நிறுவனத்தின் கணினி விளையாட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

எதிரணி நண்பர்கள் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என்ன கேட்பார்கள் என்பது தெரியும். “பிள்ளைகளுக்குப் பேய் விளையாட்டைச் சிபாரிசு செய்யலாமா?” சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். இது பெரியவர்களுக்கான கதை. இரத்தம் உண்டு, கொடூரம் உண்டு, வளர்ந்தவர்கள் மட்டும் பேசவேண்டிய விஷயங்களும் உண்டு. பத்து வயதுப் பையன் கையில் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

வேறு குறைகளும் உண்டு. விறுவிறுப்பை எதிர்பார்த்துப் போகிறவர் அரை மணி நேரத்தில் கொட்டாவி விடலாம். பொத்தானை அழுத்துவதைவிட வாசிப்பதுதான் அதிகம், அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் ஒரு வரிகூடக் கிடையாது. கலந்துகொள்ளும் குட்டி விளையாட்டுகள் எல்லாருக்கும் பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது. இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும், இந்த மண்ணின் பயத்தை இவ்வளவு மரியாதையோடு நடத்திய இன்னொரு விளையாட்டை எதிரணியினர் காட்டட்டும், கோப்பையை அவர்களுக்கே கொடுத்துவிடலாம்.

பக்கத்து வீட்டைப் பாருங்கள். இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 2014இல் ‘டிரெட்அவுட்’ செய்தார்கள். பள்ளி மாணவி ஒருத்தி கைப்பேசிக் கேமராவால் பேய்களை எதிர்கொள்ளும் கதை. 2019இல் அது திரைப்படமாகவே வந்தது. அதே நாட்டில் 2018இல் ‘பமாலி’ வந்தது. பூர்வீக வீட்டை விற்பதற்கு முன்னால் சுத்தம் செய்ய வருகிறான் ஒருவன். எதைத் தொடலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற பெரியவர்களின் விலக்குகளை மதிக்கிறானா, மீறுகிறானா என்பதைப் பொறுத்து முடிவு மாறும். 2022இல் அதுவும் படமானது. அந்த ஊர் ரசிகர்கள் தங்கள் பேயைத் தாங்களே தூக்கி நிறுத்தினார்கள். சர்ச்சை தூக்கி நிறுத்தியதும் உண்டு. தைவானின் ‘டிவோஷன்’ 2019இல் ஒரு அரசியல் கேலியால் ஒரே வாரத்தில் விற்பனையிலிருந்து மறைந்தது, அதனாலேயே உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. சர்ச்சை இல்லாத நல்ல பிள்ளைக்குத்தான் கவனிப்பு கிடைப்பதில்லை.

கைத்திறன் நம்மிடம் இல்லையா? கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓவியக் கூடங்கள் பல ஆண்டுகளாக வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு வேலை செய்கின்றன. அமெரிக்காவின் புளிசார்ட் 2017இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ விளையாட்டைப் புதுப்பித்தபோது, ஓவிய வேலையில் பங்குகொண்டது இங்குள்ள ‘லெமன் ஸ்கை’. வெளிநாட்டு அரக்கனுக்குப் பல்லும் நகமும் வரைந்து கொடுத்தால் மாதச் சம்பளம் உறுதி. சொந்தக் கதையைச் செய்தால் சம்பளத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ‘கபாரெட்’ போன்ற ஒரு முயற்சி கவனிக்கப்படாமல் போனால், அடுத்து வருகிற இளைஞன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அந்த இளைஞன் கிள்ளானிலிருந்து வருபவனாகவும் இருக்கலாம். தோட்டத்துக் கதைகள் இன்னும் யாராலும் தொடப்படாமல் கிடக்கின்றன. லயத்துக்குப் பின்னால் முனியாண்டி நின்ற மரம், விடியற்காலை இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போன பெண்கள் பார்த்தது, துண்டாடப்பட்ட தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது சாமியிடம் என்ன சொல்லிவிட்டு வந்தார்கள் என்பது, எல்லாம். புக்கிட் ராஜா தோட்டம் இருந்த இடத்தில் இன்று பண்டார் புக்கிட் ராஜா வீடுகள். காவல் தெய்வத்துக்குப் புது முகவரி கொடுத்தார்களா? இதைவிடப் பெரிய பேய்க்கதை எங்கே இருக்கிறது! அதைச் செய்ய வருகிறவனிடம் ஒரு முதலாளி, “இந்த மாதிரி உள்ளூர்க் கதை விலை போகுமா?” என்றுதான் முதலில் கேட்பார். அப்போது காட்டுவதற்கு ஒரு உதாரணம் வேண்டும். ‘கபாரெட்’ அந்த உதாரணமாக இருக்க முடியும், வாங்குவதற்கு ஆள் இருந்தால்.

ஆகவே வீட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகள் இருப்பவர்கள் இன்று இரவே பெயரைச் சொல்லுங்கள். திருட்டுப் பிரதி வேண்டாம், காசு கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் ஸ்டீம் கடையிலேயே நான்கு வரி எழுதச் சொல்லுங்கள், பிடிக்காவிட்டாலும் எழுதட்டும். சோங்காக் வரும் இடத்தில் பாட்டியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். தோற்காமல் ஆட அவர் சொல்லித் தருவார். ஆட்டம் முடிந்ததும், தோட்டத்தில் இருந்த காலத்தில் இருட்டில் எதைக் கண்டு பயந்தார் என்று கேளுங்கள். நடுவர் மணியடித்துவிட்டார்.