பனி மேல் மழை: அடிவாரத்து ஊருக்கு என்ன ஆகும்?

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். மலையில் சீசனின் முதல் பனி படிந்திருக்கிறது. அதன் மேல் கனமழை கொட்டுகிறது. பனி கரைந்து, கீழே ஊருக்குள் தண்ணீர் வருகிறது. பனியைக் கரைத்தது எது? மழைதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன். கணக்கு போட்டுப் பார்த்தா வேற மாதிரி வருது.

2021 நவம்பர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. மலைகளில் ஏற்கெனவே பனி இருந்தது. நவம்பர் 13 முதல் 15 வரை பசிபிக் பக்கமிருந்து ஒரு 'வளிமண்டல ஆறு' வந்து மோதியது. வானத்தில் ஆறு மாதிரி நீளமாக நகரும் ஈரக்காற்றுப் பட்டைக்குத்தான் அந்தப் பெயர். ஹோப் என்கிற சின்ன ஊரில் மட்டும் 200 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காற்று வெதுவெதுப்பாக இருந்ததால், பனியாக விழ வேண்டிய உயரத்திலும் மழையாகவே விழுந்தது.

இப்போ கணக்குக்கு வருவோம். 10 டிகிரி வெப்பத்தில் 10 மில்லிமீட்டர் மழை பனி மேல் விழுவதாக வைத்துக்கொள்வோம். அந்த மழை 0 டிகிரிக்குக் குளிரும்போது விடுகிற வெப்பம், சுமார் 1.25 மில்லிமீட்டர் தண்ணீருக்குச் சமமான பனியைத்தான் கரைக்கும். அவ்வளவுதான்!

நிஜமான வேலையைச் செய்வது ஈரக்காற்று. காற்றில் இருக்கும் நீராவி, குளிர்ந்த பனியில் பட்டுத் தண்ணீராக மாறும்போது ஏராளமான வெப்பத்தை விடுகிறது. ஒரு கிராம் நீராவி அப்படி மாறினால் ஏழு கிராமுக்கு மேல் பனி கரையும். காற்று வேகமாக வீச வீச, புது நீராவி வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மழையோடு காற்றும் சேரும்போது பனி வேகமாகக் கரைகிறது.

எங்க வேலையில் பஃபர் என்று ஒன்று சொல்வோம். வருகிற சுமையைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்து, மெதுவாக விடும். மலைப்பனியும் அப்படித்தான், வசந்தம் வரை தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனா அன்னைக்கு, சுமை உச்சத்தில் இருந்த நேரத்திலேயே அந்த பஃபரும் காலியானது. வெள்ளத்தில் பெரும்பங்கு மழைதான். பனிநீர் அதோடு போய்ச் சேர்ந்தது.

விளைவு? மெரிட் நகரத்தில் சுமார் 7,000 பேரும் ஊரைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கோகஹாலா நெடுஞ்சாலையில் பாலங்கள் இடிந்தன. வான்கூவரை நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் சாலைகளும் ரயில் பாதைகளும் துண்டிக்கப்பட்டன. வேறொரு மலைச்சாலையில் நிலச்சரிவில் சிக்கியவர்களில் சிலர் திரும்பவில்லை.

ஆபட்ஸ்ஃபோர்டில் நடந்ததுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அங்கே சுமாஸ் ஏரி என்று ஒன்று இருந்தது. ஸ்டோலோ பழங்குடி மக்கள் மீன் பிடித்து வாழ்ந்த ஏரி. 1920களில் அதை வற்றவைத்து விவசாய நிலமாக்கினார்கள். அன்றிலிருந்து பம்புகள் ஓடினால்தான் அது நிலம். அந்த நவம்பரில், எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் நூக்சாக் ஆறு கரை மீறியது. இந்தப் பக்கம் கரை உடைந்தது. ஏரி இருந்த இடத்தில் மறுபடியும் ஏரி. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் செத்தன. பம்பு நிலையமும் மூழ்கும் நிலைமை. ஊர்க்காரர்கள் ராத்திரி முழுக்க மணல்மூட்டை அடுக்கி அதைக் காப்பாற்றினார்கள்.

அதனால, பனிமலை அடிவாரத்தில் இருக்கிறவங்க, அங்கே போகிறவங்க, வானிலை அறிக்கையில் மழை அளவை மட்டும் பார்க்காதீங்க. மேலே எவ்வளவு பனி இருக்கு, எந்த உயரம் வரைக்கும் மழையாகவே பெய்யும், காற்று எவ்வளவு வேகம் என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்க. நேற்று பனி விழுந்த மலையில் இன்று வெதுவெதுப்பான மழை என்றால், ஆற்றோரத்தில் கூடாரம் போடாதீங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.