பட்டாளத்துக் குட்டைச் சட்டை



பழம்பொருள் சேகரித்தல் என்றவுடன் நாணயம், தபால் தலை, ஓலைச்சுவடி என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. நம் சேது நாட்டிலும் 'சேது' என்று பொறித்த பழங்காசுகளைப் பேணி வைத்திருக்கும் அன்பர்கள் உளர். ஆனால், உடுத்துக் களைந்த சட்டையையும் ஒருவர் பொருள் கொடுத்து வாங்கிச் சேகரிப்பார் என்றால் பலர் நகைப்பர். உலகின் பல நாடுகளில் அத்தகைய சேகரிப்பாளர் மிகப் பலர். அவர்கள் விரும்பித் தேடுவனவற்றுள் ஒன்று போர்வீரர் அணிந்த, இடுப்பளவே உள்ள குட்டைச் சட்டை. அச்சட்டை எவ்வாறு தோன்றி வளர்ந்தது, அதனைச் சேகரிப்போர் நோக்கு எவ்வாறு மாறியது, அதனால் நமக்கு ஆகவேண்டியது யாது என்பவற்றை இன்று சிறிது சிந்திப்போம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். இச்சட்டையை ஆங்கிலேயர் ஜாக்கெட் என்றனர். பின்னாளில் அதன் ஒரு வகையைப் பிளவுஸ் என்றனர். இவ்விரு சொற்களும் நம் வீடுகளில் பெண்மக்கள் அணியும் இரவிக்கைக்கு உரியனவாகிவிட்டன. ஆகவே குழப்பம் நேராதிருக்க, நம் ஊர் வழக்கையொட்டிக் குட்டைச் சட்டை என்றே சொல்லிச் செல்கிறேன்.

சட்டை ஏன் குறுகியது? பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் போர்வீரன் முழங்காலளவு தொங்கும் கோட்டு அணிந்தான். சேணத்தில் அமர்வோனுக்கு அத்தொங்கல் இடையூறு. காலாளுக்கோ அது சுமை. அரசுக்கு வீண் செலவு. ஆகவே தொங்கல் படிப்படியாகக் கத்தரிக்கப்பட்டது. அணிவகுப்புக்கு வால் வைத்த கோட்டும், அன்றாட வேலைக்கு இடுப்போடு நின்ற சட்டையும் என இரண்டு வகை ஏற்பட்டன. அணிவகுப்புக் கோட்டு 1855ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலப் படையில் மறைந்தது. வேலைச் சட்டையோ வெப்ப நாடுகளில் நெடுங்காலம் நிலைத்து, பின்னர் அதிகாரிகளின் விருந்துச் சட்டையாக உயர்வு பெற்றது.

நம் நாட்டில் சென்னைப் படையின் சிப்பாய்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கொடுத்ததும் குட்டையான சிவப்புச் சட்டையே. கீழே அரைக்காற்சட்டை, தலையில் பாகை. இதுவே பதினெட்டாம் நூற்றாண்டுச் சிப்பாயின் தோற்றம். 1772ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபுக்காகத் தளபதி ஜோசப் ஸ்மித் இராமநாதபுரம் கோட்டையைக் கைப்பற்றினார். 1795இல் முத்துராமலிங்க சேதுபதி கம்பெனியாரால் சிறைப்படுத்தப்பட்டார். நம் முன்னோர் அச்சிவப்புச் சட்டையைக் கண்டது இத்தகைய நாள்களில்தான். அது அவர்களுக்கு அழகிய ஆடையாகத் தோன்றியிராது. ஆட்சி கைமாறியதன் அடையாளமாகவே தோன்றியிருக்கும்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. பருத்தித் துணிக்குச் செந்நிறம் ஏற்றும் சாயவேர் நம் கடற்கரை மணலில் விளைவது. அதற்கு இராமேசுவர வேர் என்றே ஒரு பெயர் உண்டு. சிவப்புக்குப் பெயர் பெற்ற இந்நாட்டிற்குச் சிவப்புச் சட்டையோ இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த சகலாத்துத் துணியில் தைக்கப்பட்டது. வெயில் கொளுத்தும் நாட்டில் கம்பளித் துணி! அணிந்தவன் பட்ட பாட்டை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

உடை என்பது துணி மட்டும் அன்று என்பதை 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூரில் நிகழ்ந்த சிப்பாய்க் கிளர்ச்சி உலகுக்கு அறிவித்தது. புதிய தலைப்பாகை அணிய வேண்டும், சமயக் குறியும் காதணியும் கூடாது என்ற ஆணைகளே அக்கிளர்ச்சியின் காரணங்களுள் தலையாயவை. ஒருவன் அணிவதை மாற்றினால் அவன் யார் என்பதையே மாற்ற முயல்வதாகப் பொருள்படும். இதனைச் சேகரிப்போர் மறத்தலாகாது.

சிவப்பு மெல்ல மறைந்து காக்கி வந்தது. 1846ஆம் ஆண்டில் பெஷாவரில் அமைக்கப்பட்ட கைட்ஸ் படையினர் மண்ணிறத்தை முதலில் ஏற்றனர். காக்கி என்பதற்கு மண்ணின் நிறத்தது என்றே பொருள். துப்பாக்கி நெடுந்தொலைவு சுடத் தொடங்கிய பின்னர், பகைவன் கண்ணில் படுவது பெருமையாக இல்லை, இறப்புக்கு வழியாயிற்று.

இனி, இன்றைய சேகரிப்பாளர் பெரிதும் விரும்பும் சட்டைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு, ஆங்கிலப் படையினர் 'பேட்டில் டிரஸ்' என்னும் போருடையை ஏற்றனர். பனிச்சறுக்கு விளையாடுவோர் உடையைத் தழுவி அமைந்த அது, முரட்டுக் கம்பளித் துணியாலானது. இடுப்பில் பட்டியிட்டு இறுக்குவது. மோட்டார் வண்டிகளில் ஏறி இறங்குவோர்க்கு அது மிக ஏற்றது. ஒரு குறையும் உண்டு: குனிந்தால் சட்டை மேலேறி முதுகில் குளிர் புகும்.

1937 மாதிரி எனப்படும் முதல் வகையில் சட்டைப்பைகளுக்கு மடிப்பு உண்டு. பொத்தான்கள் துணிக்குள் மறைந்திருக்கும். போர் நீண்டு துணியும் உழைப்பும் அருகியபோது மடிப்பு நீங்கியது. பொத்தான்கள் வெளியே தெரிந்தன. 1940 மாதிரி எனப்படும் இச்சிக்கன வகை 1942 முதல் பரவியது. 1949 மாதிரியிலோ கழுத்துப் பட்டை விரிந்து மடிந்தது. உள்ளே தைத்துள்ள துணிச்சீட்டில் அளவும், தைத்த நிறுவனமும், ஆண்டும் காணப்படும். ஆக, ஒரு சட்டையின் மடிப்பையும் பொத்தானையும் கொண்டே ஒரு நாட்டின் செல்வ நிலையைக் கணிக்கலாம். அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர் இச்சட்டையைப் பார்த்து விரும்பித் தமக்கும் ஒன்று தைத்துக்கொண்டார். அவ்வழியில் 1944இல் அமெரிக்கப் படைக்கும் ஒரு குட்டைச் சட்டை உண்டாகி, அவர் பெயராலேயே வழங்குவதாயிற்று.

இக்கம்பளிச் சட்டைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இத்தாலியப் போர்க்களத்துக் குளிரில் இந்தியப் படைகள் இதனையே அணிந்து போரிட்டன. நம் மதராஸ் சாப்பர்கள் அங்கே பாலம் அமைத்தனர், கண்ணிவெடி அகற்றினர். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், தோழரைக் காக்கக் கண்ணிவெடியின் மேல் தம் உடலையே கிடத்தி உயிர் நீத்த சுபேதார் சுப்பிரமணியன் அப்படையினரே. அவருக்கு ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் வழங்கப்பட்டது. மழைக்காட்டுப் பர்மாவுக்கோ பச்சை நிறப் பருத்தியுடை தேவைப்பட்டது. களம் மாற மாற, உடையும் மாறியது.

சேகரிப்போர் நோக்கு மாறியதை இனிப் பார்ப்போம். முதலில் அவர்கள் நாடியவை சரிகை வேய்ந்த அதிகாரிகளின் உடைகளே. அதிகாரி தன் செலவில் உடை தைத்துக்கொண்டான், அது அவன் குடும்பச் சொத்தாயிற்று, பெட்டியில் பத்திரமாயிருந்தது. சிப்பாயின் உடையோ அரசு கொடுத்தது. கிழியும்வரை உழைத்து மடிந்தது. அதனால் பல பழைய காட்சிச்சாலைகளில் அதிகாரிகளையே காண்கிறோம். சிப்பாயைக் காண்பது அரிது. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் இக்கண்ணோட்டத்துடன் பார்ப்பது நன்று.

1945க்குப் பின் மிஞ்சிய போருடைகள் மலைபோல் குவிந்து மலிவாக விற்கப்பட்டன. மலிந்தது மதிப்பிழக்கும் அல்லவா? உழவரும் தொழிலாளரும் அவற்றை அணிந்து தேய்த்தனர். தேய்ந்து அருகிய பின்னரே அவை அரும்பொருள்களாயின. சிக்கனப் பொத்தான் வைத்த சாதாரண வீரனின் சட்டையை இன்று விளக்கொளியில் வைத்துப் போற்றுகின்றனர்.

அருமை ஏறிய இடத்தில் போலியும் ஏறும். திரைப்படத்துக்கெனத் தைத்த சட்டைகள் பழையனவாக விற்கப்படுகின்றன. அறிந்தோர் சில சோதனைகள் செய்வர். தையல் நூலின் ஒரு துணுக்கை எரித்தால், பருத்தி சாம்பலாகும். செயற்கை நூலோ உருகி உருண்டையாகும். புற ஊதா விளக்கில் பிற்காலத்து நூல் பெரும்பாலும் வெண்ணொளி வீசும். ஆயினும் துணி உண்மையானதாகவும், மேலே தைத்த சின்னம் மட்டும் பொய்யாகவும் இருந்தால் என் செய்வது?

நம் மாவட்டத்துக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று கூறுகிறேன். இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து பலர் பிழைப்புத் தேடி மலாயா சென்றனர். மலாயாத் தமிழருள் பல்லாயிரவர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அவ்விராணுவத்தினர் அணிந்தது பெரும்பாலும் ஆங்கிலேயர் கிடங்குகளில் கிடைத்த அதே காக்கிதான், மாறியவை சின்னங்களே. ஆகவே பர்மாக் காட்டில் எதிரெதிரே நின்ற இரு தமிழர் உடலில் ஒரே துணி இருந்திருக்கலாம். சின்னம் உதிர்ந்துவிட்ட ஒரு காக்கிச் சட்டை இன்று நம் கையில் கிடைத்தால், அதை அணிந்தவன் எப்பக்கத்தவன் என்று துணி சொல்லாது. நூலும் பொத்தானும் சொல்லா. அவன் வீட்டார் சொன்னால்தான் உண்டு.

இங்குதான் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து உளது. சட்டையின் மதிப்பு சட்டையில் மட்டும் இல்லை. அதனோடு வரும் வரலாற்றில் இருக்கிறது. பெயரும் ஊரும் படையெண்ணும் அறியப்பட்ட கிழிந்த சட்டை ஓர் ஆவணம். அவை அறியப்படாத புத்தம் புதிய சட்டையோ வெறும் துணி.

அவ்வாவணம் நம் ஊர்களில் எவ்வாறு மறைகிறது? பட்டாளத்திலிருந்து திரும்பியவர் தகரப்பெட்டியில் வைத்தார். அவர் காலமானார். உப்புக்காற்றில் பித்தளைப் பொத்தான் களிம்பேறியது. கம்பளியைப் பூச்சி அரித்தது. ஒரு நாள் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் வந்தார். சட்டை போயிற்று, ஒரு கிண்ணம் வந்தது. இதற்காக அவ்வீட்டாரைக் குறை கூற இயலாது. அதன் அருமையை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் யார்? 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் ஒரே இரவில் செய்ததை, நம் அசட்டை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செய்துகொண்டிருக்கிறது.

செய்ய வேண்டுவன எளியவை. சட்டையைத் துவைக்கலாகாது, இஸ்திரி போடலாகாது. நிழலில் காற்றாட விரித்து, மெல்லிய தூரிகையால் தூசி தட்டுக. துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிடுக. பளபளப்பு மருந்தால் பொத்தானைத் துலக்கினால் அம்மருந்து துணியைக் கெடுக்கும். கஞ்சியில்லாத பழைய வெள்ளை வேட்டியில் தளர மடித்துச் சுற்றி, தரையிலிருந்து உயரத்தில் வைக்க. ஆண்டுக்கு இருமுறை எடுத்துப் பார்க்க.

இவை அனைத்தினும் முதன்மையானது எழுதி வைத்தல். ஒரு தாளில் அணிந்தவர் பெயர், ஊர், படைப்பிரிவு, எண், சேர்ந்த ஆண்டு, சென்ற நாடுகள், சொன்னவர் யார் என்பவற்றைப் பென்சிலால் எழுதி, சட்டையோடு வைக்க. மை கசியும், பென்சில் கசியாது. விற்கத்தான் வேண்டுமெனில் விற்கலாம். வறுமைக்கு நாம் அறநெறி போதிக்கலாகாது. ஆனால் அத்தாளின் படி ஒன்று வீட்டில் இருக்கட்டும்; மற்றொன்று சட்டையோடு செல்லட்டும். வாங்குவோரும் கதையைக் கேட்டு வாங்குக. கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் புனையற்க.

சட்டத்தையும் ஒரு வரியில் நினைவூட்டுகிறேன். பழைய சட்டையைப் பேணுதல் வேறு. படைவீரன் என்று பிறர் நம்பும்படி உடையணிந்து திரிதல் வேறு. பின்னது 2023ஆம் ஆண்டு பாரதீய நியாய சன்ஹிதையின் 168ஆம் பிரிவின்படி குற்றம்.

இரண்டாம் உலகப் போரில் நின்றவர்கள் ஏறத்தாழ அனைவரும் மறைந்துவிட்டனர். அவர்கள் வாய்மொழியைக் கேட்ட மக்களுக்கும் இன்று முதுமை வந்துவிட்டது. பள்ளி ஆசிரியர்கள் இதனை ஒரு விடுமுறைப் பணியாக மாணவர்க்கு அளிக்கலாம். "உங்கள் ஊரில் பட்டாளத்துக்குச் சென்றவர் யார்? அவர் வீட்டில் என்ன இருக்கிறது?" என்ற இரண்டு வினாக்கள் போதும். விடைகளை ஒரு குறிப்பேட்டில் தொகுத்தால், எந்த அரண்மனை ஆவணத்திலும் இல்லாத ஊர் வரலாறு கிடைக்கும்.

சரிகைக் கோட்டு அணிந்தவர்களின் பெயர்களை நூல்கள் காத்துவிட்டன. முரட்டுக் கம்பளியும் காக்கியும் அணிந்த நம் ஊரார் பெயர்களைக் காக்க நூல் இல்லை. அவர்களுக்கு ஒரு தாளும், ஒரு பென்சிலும், கேட்க விரும்பும் ஒரு பேரப்பிள்ளையும் வேண்டும். பாத்திரக்காரர் குரல் தெருவில் கேட்கும் முன்னரே அத்தாளை எழுதி முடித்துவிடுவோமாக.