பாடும் பெண்ணுக்கு ஓர் இதழ்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



நம் மாலைநேரப் படிப்பகத்தில் பயிலும் மாணவியர் சிலர், சென்ற திங்கள் என் இல்லம் தேடி வந்தனர். பதின்மூன்று வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பெண்கள். "அம்மா, எங்களுக்கென்று ஓர் இசை இதழ் நடத்த விரும்புகிறோம். அட்டையும் பக்கங்களும் எப்படி அமைய வேண்டும் என்று வரைந்து தாருங்கள்" என்று கேட்டனர். நான் அன்று வரைந்து தரவில்லை. "விழாவில் விடை சொல்கிறேன்" என்று கூறி அனுப்பினேன். அந்தக் கடனை அடைக்கவே இன்று இம்மேடையில் நிற்கிறேன்.

நான் பட்டம் பெற்றவள் அல்லள். பதினாறு வயதில் ஓர் அச்சகத்தின் கட்டுமானப் பிரிவில் தாள் மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பின்னர் ஈய எழுத்துக் கோக்கக் கற்றேன். கணினி வந்தபின் பக்கம் அமைக்கக் கற்றேன். நாற்பது ஆண்டுகள் தாளோடும் மையோடும் கழிந்தன. பெண்களுக்கான இதழ்கள் எத்தனையோ என் கைவழியே மடிந்து சென்றன. அவற்றுள் எதிலும் எங்கள் தெருப் பெண்ணின் முகத்தை நான் கண்டதில்லை. இந்த அனுபவம் ஒன்றே இங்குப் பேச எனக்குள்ள தகுதி.

இதழ் வடிவமைப்பு என்றவுடன் பலரும் வண்ணத்தையும் படத்தையும் எண்ணுகின்றனர். அவை இறுதியில் வருபவை. முதலில் விடை காண வேண்டிய வினாக்கள் இரண்டு. இவ்விதழை எடுக்கும் பெண் இதைக்கொண்டு என்ன செய்யப் போகிறாள்? பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாளா, பாடப் போகிறாளா? இது முதல் வினா. அந்தப் பெண் எந்தப் பெண்? இது இரண்டாம் வினா. இவ்விரண்டிற்கும் பிற நாட்டு இதழ்கள் தந்த விடைகளை முதலில் பார்ப்போம்.

ஸ்காட்லாந்து நாட்டின் டண்டீ நகரிலிருந்து, டி.சி. தாம்சன் நிறுவனம் 1964-ஆம் ஆண்டு 'ஜாக்கி' என்னும் வார இதழைத் தொடங்கியது. 1993 வரை அது வெளிவந்தது. 1970களின் நடுவில் வாரந்தோறும் ஆறு லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. காதற் படக்கதைகள், அழகுக் குறிப்புகள், சுவரில் ஒட்டுவதற்குப் பாடகர்களின் வண்ணப்படங்கள், 'கேத்தி, கிளேர்' என்னும் பெயர்களில் விடை தரும் கடிதப் பகுதி ஆகியவை அதில் இருந்தன. யாரிடமும் சொல்ல முடியாத துயரைச் சொல்ல அந்தக் கடிதப் பகுதி இளம் பெண்களுக்கு ஓர் இடம் தந்தது. அந்த நன்மையை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் 1978-இல், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஏஞ்சலா மெக்ராபி இவ்விதழை ஆராய்ந்து ஒரு குறையைச் சுட்டினார். இளம் பெண்ணின் உலகம் முழுவதும் காதலாகவே காட்டப்படுகிறது. பாட்டுக்கு ஒதுக்கிய பக்கங்களிலும் பாடகரின் முகம் இருக்கிறதே அன்றி இசை இல்லை என்பது அவர் ஆய்வின் சாரம். அப்பெண்ணுக்குத் தரப்பட்ட வேலை பார்ப்பது மட்டுமே.

அதே 1978-இல் இங்கிலாந்தில் நிக் லோகன் என்பவர் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். அவர் முன்பு 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' என்னும் இசை வார இதழின் ஆசிரியராக இருந்தவர். புதிய இதழுக்கு அவர் கொண்ட கருத்து மிக எளியது. வானொலியில் ஒலிக்கும் புதுப்பாடல்களின் வரிகளை, உரியவர்களிடம் இசைவு பெற்று, வண்ணப்படங்களோடு முழுமையாக அச்சிட்டார். இதழ் விரைவில் இருவாரத்திற்கு ஒருமுறை வரும் அளவுக்கு வளர்ந்தது. 2006 வரை நிலைத்தது. பாடலின் வரிகள் கையில் கிடைத்தவுடன் அந்தப் பெண் பாடத் தொடங்கிவிடுகிறாள் அல்லவா?

இது நமக்குப் புதிதன்று. திரையரங்கு வாயிலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தை இங்குள்ள தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். கதையைப் பாதி சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்திவிட்டு, பாட்டை மட்டும் முழுமையாகத் தந்த புத்தகம் அது. படம் பார்க்கக் காசில்லாதவரும் அதை வாங்கிப் பாடினர். பள்ளிக்குச் செல்லாத என் அத்தை, பாட்டைக் காதால் மனப்பாடம் செய்துகொண்டு, பிறகு பாட்டுப் புத்தகத்தில் அந்த வரிகளின் மேல் விரலோட்டி எழுத்துக் கற்றார். மலிவான தாளில் அச்சிட்ட அந்தச் சிறு புத்தகம் அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

மூன்றாவது இதழ் அமெரிக்க நாட்டில் 1988-இல் தோன்றிய 'சாசி'. ஜேன் பிராட் அதன் ஆசிரியர். இளம் பெண்ணைத் தோழியாக மதித்து, அவள் பேசும் மொழியிலேயே எழுதியது. பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத சிறு இசைக்குழுக்களை அறிமுகம் செய்தது. 1990-இல் ஓர் இதழை முழுவதுமாக வாசகியரைக் கொண்டே உருவாக்கியது. ஆயினும் பெண்ணுடல் நலம் பற்றி அது வெளிப்படையாக எழுதியபோது, சமய அமைப்புகள் சில அதன் விளம்பரதாரர்களை எதிர்த்துக் கிளம்பின. விளம்பரங்கள் விலகின, இதழ் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ள நேர்ந்தது. பக்கத்துக்குப் பணம் தருபவர் யாரோ, அவரே அப்பக்கத்தின் மறைமுக ஆசிரியர். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம்: அந்தப் பெண் எந்தப் பெண்? 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒலிம்பியா, வாஷிங்டன் நகரங்களில் இளம் பெண்கள் தாமே இசைக்குழு அமைத்து, தாமே எழுதி ஒட்டி, நகல் எடுத்துக் கைவழியாக வழங்கும் சிற்றிதழ்களைத் தொடங்கினர். 'ரயட் கேர்ள்' என்று அவ்வியக்கம் பெயர் பெற்றது. விளம்பரமும் முதலாளியும் இல்லாத அவ்விதழ்களிலும் பெரும்பாலும் வெள்ளையர் பெண்களே நிறைந்திருந்தனர். நியூ ஜெர்சியைச் சேர்ந்த ராம்டாஷா பிக்சீம் என்னும் கறுப்பினப் பெண், தம் பதினைந்தாம் வயதில் 'கங்க்' என்னும் சிற்றிதழைத் தாமே நடத்தத் தொடங்கினார். தம் இசைக்குழுவைப் பற்றியும், தமக்குப் பிடித்த சறுக்குப் பலகை விளையாட்டைப் பற்றியும் எழுதினார். பெண் விடுதலை பேசும் அக்கூட்டத்தில் தம்மைப் போன்ற பெண்கள் காணப்படாததையும் தம் இதழிலேயே எழுதினார். பிறர் நடத்தும் இதழில் இடம் கேட்டு நின்றிருந்தால் அவர் காத்திருந்தே காலம் கழித்திருப்பார்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல், இழிவாக வழங்கிய பெயரையே தலைப்பாக்கிப் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். விலையையே பெயரில் வைத்ததும் ஒரு வடிவமைப்பே. இது உன்னால் வாங்க முடிந்த இதழ் என்று ஏழை வாசகரை அது அழைத்தது. பாபாசாகேப் அம்பேத்கர் 1920 சனவரியில் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள்.

நூறாண்டு கடந்தும் நிலை முற்றிலும் மாறிவிட்டதா? 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் பாடல் வெளிவந்து உலகெங்கும் ஒலித்தது. தன் பாட்டியின் தேயிலைத் தோட்ட வாழ்வை வேராகக் கொண்டு அதன் வரிகளை எழுதியவர் அறிவு. தீயும் அவரும் சேர்ந்து பாடினர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு புகழ்பெற்ற இசை இதழின் அட்டையில் தீயின் படமும் வேறொரு பாடகரின் படமும் வந்தன. அறிவின் படம் வரவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்ட பலரும் கேள்வி எழுப்பினர். அதன்பின் அறிவின் படத்தோடு இணையவழி அட்டை ஒன்றை அவ்விதழ் வெளியிட்டது. ஓர் அட்டையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது அழகைப் பற்றிய செய்தி மட்டும் அன்று என்பதை நம் தலைமுறை கண்ணெதிரே கண்டது.

அடுத்தவரைக் குறை கூறிவிட்டு என் குறையை மறைத்தல் முறையாகாது. கணினியில் பக்கம் அமைத்த காலத்தில், ஓர் இதழுக்காக ஒரு பெண் பாடகியின் படம் என்னிடம் வந்தது. என் நிறமுடைய பெண். "முகத்தை வெளுப்பாக்கு" என்று சொன்னார்கள். நான் வெளுப்பாக்கினேன். ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. வேலை போய்விடும் என்னும் அச்சம். இதழ் வெளிவந்த அன்று அப்பக்கத்தை என் மகள் பார்த்து, "அம்மா, வெள்ளையா இருக்கறவங்கதான் பாட முடியுமா?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. தங்கையரே, உங்களுக்கு இதழ் அமைத்துத் தருவதே அவளுக்கு நான் சொல்லும் விடை.

ஆகவே நம் இதழை இவ்வாறு அமைப்போம். டெம்மி தாள் ஒன்றை இருபுறமும் அச்சிட்டு மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். அச்சகத்தார் அதை ஒரு பாரம் என்பர். ஓர் இதழுக்கு ஒரு பாரம் போதும். அதைவிடப் பெருத்தால் செலவு பெருகும்; செலவு பெருகினால் பிறர் கையை எதிர்பார்க்க நேரும். பள்ளி மாணவி தன் கைக்காசில் வாங்கத்தக்க விலையை முதலில் முடிவு செய்து, அதற்குள் இதழை அடக்குங்கள்.

அட்டையில் திரை நட்சத்திரம் வேண்டா. பாடுகிற, முழக்குகிற, பாட்டெழுதுகிற நம் பெண் ஒருத்தியின் படம் வரட்டும். அவள் பெயர் படத்தின் அடியிலேயே, இதழின் பெயருக்கு அடுத்த பெரிய எழுத்தில் நிற்கட்டும். அவள் நிறத்தில் யாரும் கைவைக்கக் கூடாது.

எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் இதழின் நடுப்பக்கங்கள். பின் அடித்தபின் கையை எடுத்தாலும் மூடாமல் விரிந்தே கிடப்பவை அவை இரண்டுதாம். தாள் மடித்த எனக்கு இது தெரியும். பாடல் வரிகளை அங்கே வையுங்கள். கைகள் இரண்டும் தாளம் போட, கண் வரியைப் பார்க்கலாம். எழுத்து பெரிதாக இருக்கட்டும். விளக்கொளி குறைந்த வீட்டிலும் படிக்க வேண்டும். அச்சிட இசைவு பெற்ற பாடல் ஒன்று, நம் பாட்டிமாரிடம் கேட்டெழுதிய நடவுப் பாட்டோ தாலாட்டோ ஒன்று என இரண்டு போதும். ஒவ்வொன்றின் கீழும் எழுதியவர், பாடியவர், இசைத்தவர் பெயர்கள் வர வேண்டும். பாட்டியின் பாட்டுக்குப் பாட்டியின் பெயரும் ஊரும் வர வேண்டும். பெயரில்லாமல் ஒரு வரியும் நம் இதழில் அச்சாகக் கூடாது.

நான்கு பக்கங்களைக் கருவிகளுக்கு ஒதுக்குங்கள். பறையின் தோலை ஏன் தீயில் காய்ச்சுகிறார்கள், சிண்டுக்குச்சியை எப்படிப் பிடிப்பது, அடிக்குச்சி எங்கே விழ வேண்டும் என்று படத்தோடு விளக்குங்கள். இங்குள்ள பெரியோர் சிலருக்குப் பறை என்றவுடன் நெஞ்சு வலிக்கும். சாவுக்கு அடிக்கச் சொல்லி ஊரார் கட்டாயப்படுத்திய கருவி அது. அதைத் தூக்கி எறிந்ததே சிலருக்கு விடுதலையாக இருந்தது. அந்த வலியை நான் மதிக்கிறேன். ஆனால் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் இளம் பெண்கள் அதே பறையைத் தம் விருப்பத்தால் கையிலெடுத்து மேடையில் முழக்கினர். கட்டாயம் வேறு, கலை வேறு. இரு தரப்பையும் இதழில் எழுதுங்கள். கித்தாரும் மின்விசைப் பலகையும் விரும்பும் பெண்ணுக்கும் இடம் கொடுங்கள். நம் பெண் பறை மட்டுமே முழக்க வேண்டும் என்பதும் இன்னொரு கட்டளையாகிவிடும்.

இரண்டு பக்கம் கடிதங்களுக்கு. "பாடினால் வீட்டில் திட்டுகிறார்கள்", "மேடையேறினால் வகுப்பில் சாதி சொல்லிக் கேலி செய்கிறார்கள்" என்று எழுதுவார்கள். அறிவுரையால் வாயடைக்காதீர்கள். அதே நிலையைக் கடந்து வந்த மற்றொரு பெண்ணைக் கொண்டு விடை எழுதச் செய்யுங்கள். எழுதியவள் விரும்பினாலொழிய அவள் பெயரை வெளியிடாதீர்கள். அழகுப் பூச்சு விளம்பரம் எத்தனை பணம் தந்தாலும் வேண்டா. எஞ்சிய பக்கங்களை நீங்களே நிரப்புங்கள். அவற்றையும் நான் சொல்லிவிட்டால் இது என் இதழாகிவிடும்.

தம்பியரே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் தங்கை மாலையில் ஆசிரியர் குழுவில் அமர வேண்டுமானால், அந்நேரம் வீட்டில் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்க வேண்டும். பெண்ணுக்கு இதழ் நடத்தத் தேவையான முதல் பொருள் தாளன்று, நேரம். பெற்றோர் அதைத் தர வேண்டும். அண்ணன்மார் அதைக் காக்க வேண்டும்.

கழகப் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். முதல் நான்கு இதழ்களுக்கான தாளைக் கழகம் வாங்கித் தரட்டும். பக்கம் அமைக்கும் பணியை நான் கூலியின்றிச் செய்து தருகிறேன். ஐந்தாம் இதழுக்குள் இப்பெண்களுக்கு அதைக் கற்றும் தருகிறேன். மடிக்கும் வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. என் விரல்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

 ஜெய் பீம்.