உயிரணுவின் வெளிச்சுவரில் தொடங்கும் புற்றுநோய்



பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெண்கள் பலர் இன்று சுங்கைப்பட்டாணி, அலோர்ஸ்டார் தாமான்களில் பாட்டிமார்களாக இருக்கிறார்கள். காய்ச்சல், தலைவலி என்றால் தோட்டத்து டிரெசரிடம் போனவர்கள். இடுப்புக்குக் கீழே ஏதாவது என்றால் பெற்ற தாயிடம்கூட வாய் திறக்காதவர்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்த மௌனம் மிகவும் வசதி. பல ஆண்டுகள் வலியே இல்லாமல் வளரும் நோய் அது.

அந்த ஆண்டுகளில் உள்ளே என்ன நடக்கிறது? உடம்பிலுள்ள ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அதன்மேல் ஏராளமான புரதங்கள் துருத்தி நிற்கின்றன. வெளியிலிருந்து செய்தி வாங்குவதும், பக்கத்து உயிரணுவைப் பிடித்துக்கொள்வதும் இவற்றின் வேலை.

இந்நோயின் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். இதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவால் பரவுவது என்பதால் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். அது தவறு. கணவர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். பெரும்பாலோரின் உடம்பு இந்த வைரஸைத் தானே விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிட்டால்தான் ஆபத்து.

சிறு கீறல் வழியாக நுழையும் வைரஸ், முதலில் உயிரணுவின் மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலி கொண்ட புரதங்களில் ஒட்டுகிறது. ஒட்டாவிட்டால் உள்ளே போக முடியாது. தடுப்பூசி உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் வைரஸை மூடி, அந்த ஒட்டுதலைத்தான் தடுக்கின்றன. மலேசியாவில் 13 வயது மாணவிகளுக்கு 2010 முதல் பள்ளியில் இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். 1997-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பள்ளியில் அந்த ஊசி கிடைக்கவில்லை. தோட்டத்தில் வேலை செய்த தாய்மார்கள் அத்தனை பேரும் அந்தக் கணக்கில் அடங்குவர்.

வைரஸ் தங்கிய உயிரணு புற்றாக மாறும்போது அதன் வெளிச்சுவரும் மாறுகிறது. லயன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதுபோல் உயிரணுக்களைச் சேர்த்துப் பிடிப்பது இ-கேடெரின் என்ற புரதம். அது குறைந்தால் உயிரணு கழன்று நிணநீர்க் கணுக்களுக்கும் பிற உறுப்புகளுக்கும் பயணம் போகிறது. வளரச் சொல்லும் செய்தியை வாங்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். புரதமோ பல கட்டிகளில் அளவுக்கு மீறிக் காணப்படுகிறது.

எல்லாவற்றிலும் தந்திரமானது பி.டி.எல்.1. ரத்தத்தின் காவல் அணுக்கள் தோட்டத்து ஜாகா மாதிரி. சந்தேகப்பட்டவரை மறிக்கும். புற்றணு பி.டி.எல்.1-ஐ நீட்டினால், 'நம்ம ஆள்தான்' என்று ஜாகா விட்டுவிடுகிறார். இந்த ஏமாற்றைத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை, முற்றிய கருப்பை வாய்ப் புற்றுக்கு அமெரிக்கா 2018-இல் அனுமதித்தது. எல்லாருக்கும் பலிப்பதில்லை; விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது.

அந்த மருந்து தேவைப்படும் கட்டத்துக்குப் போகாமலே தப்ப வழி உண்டு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018-இல் தொடங்கிய ரோஸ் திட்டத்தில், பெண் தானே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். முடிவு கைத்தொலைபேசிக்கு வரும். யார் முன்னாலும் படுக்கவேண்டிய கூச்சம் இல்லை. வைரஸ் இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. மருத்துவமனையில் கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, மாறத் தொடங்கிய பகுதியை மட்டும் அகற்றுவார்கள். பெரும்பாலும் கருப்பையையே எடுக்க வேண்டியிராது.